முதல் தண்ணீர் மண்ணுக்கு

ரீத்தா அக்கா, உன் வாஷிங் மெஷினின் குமிழ் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. நடுவில் கீறல் விட்டுப்போன அந்தக் குமிழைச் சுற்றி நீ ஒட்டிய வெள்ளை பிளாஸ்திரி ஓரமெல்லாம் கறுத்து, ஒரு முனை மட்டும் பிரிந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. டயாலிசிஸ் முடிந்து ஊசியை எடுத்த இடத்தில் ஒட்டுவார்களே, அதே பிளாஸ்திரி. நர்ஸிடம் ஒரு துண்டு கூடுதலாகக் கேட்டு வாங்கி வந்து, "எனக்கும் இதுக்கும் ஒரே மருந்துலா" என்று சொல்லிக்கொண்டே ஒட்டினாய். இன்று பெரிய சனி, ஈஸ்டருக்கு முந்தின நாள். பீடத் துணிகள் உள்ளே நனைந்து கிடக்கின்றன. நான் குமிழைப் பிடித்தபடி நிற்கிறேன். வெளியே இழுத்தால் ஓடும், உள்ளே அழுத்தினால் நிற்கும். இழுக்கத்தான் எனக்குக் கை வரவில்லை.

இதைப் படிக்கிற உங்களுக்கு என் அக்காவைத் தெரியாது. நாங்கள் இந்தத் தீவில், ஜெலுத்தோங் பக்கத்தில் ஒரு பழைய பிளாட்டின் கீழ் வீட்டில் இருக்கிறோம். அப்பா லாரி ஓட்டினார், நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா, அக்கா, நான் என்று மூன்று பெண்கள் மட்டும் மிஞ்சினோம். அக்கா என்னைவிட ரொம்பப் பெரியவள். எனக்கு ஜடை பின்னியதும், பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் கூப்பிட்டால் வந்து நின்றதும் அவள்தான். படிவம் மூன்றோடு நான் படிப்பை விட்டபோது திட்டாமல், அடுத்த வாரமே ரொட்டித் தொழிற்சாலையில் பாக்கெட் போடும் வேலைக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனதும் அவள்தான். அப்புறம் அவளுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. நிச்சயம் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் மெதுவாக வருவதை நிறுத்தினார்கள். அவள் பார்த்துவந்த கிளினிக் வேலையும் போனது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயாலிசிஸ் நிலையத்தின் வேன் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போகும். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக இடது கையில் இரண்டு இரத்தக் குழாய்களை இணைத்து வைத்திருந்தார்கள். தொட்டுப் பார்த்தால் தோலுக்கு அடியில் வண்டு ஒன்று சிக்கிக்கொண்ட மாதிரி விடாமல் அதிரும். அந்தக் கையால் கனம் தூக்கக் கூடாது, துணி பிழியக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ராத்திரி பக்கத்தில் படுத்திருக்கும்போது நான் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். அது அதிர்ந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

கோயிலில் பீடத் துணிகளைத் துவைத்துக் கொடுப்பது அக்காவின் பொறுப்பு. வயசுப் பெண்ணாக இருந்த நாளிலிருந்து அவள் செய்தது. துணி துவைப்பதில் என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். எங்களுக்கு அதில் ஒரு முறை உண்டு. பூசையில் திராட்சை ரசக் கிண்ணத்தைத் துடைக்கிற சின்னத் துணிகளில், எங்கள் நம்பிக்கைப்படி, ஆண்டவருடைய இரத்தம் ஒரு துளி ஒட்டியிருக்கலாம். அதனால் அவற்றை முதலில் வெறும் தண்ணீரில், சோப்புப் போடாமல் அலச வேண்டும். அந்த முதல் தண்ணீர் சாக்கடைக்குப் போகக் கூடாது, மண்ணில் ஊற்ற வேண்டும். அதற்குப் பிறகு எப்படி வேண்டுமானாலும் துவைத்துக்கொள்ளலாம். இது அந்தச் சின்னத் துணிகளுக்கு மட்டும்தான். ஆனால் அக்கா பெரிய பீட விரிப்பு, ஃபாதரின் வெள்ளை அங்கி எல்லாவற்றுக்கும் அப்படியே செய்தாள். அதெல்லாம் தேவையில்லை ரீத்தா என்று ஃபாதரே சொல்லிப் பார்த்தார். "எது எதுல சிந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா ஃபாதர்? கிண்ணத்த வச்சிட்டு நீங்கதானே கைய அவ்வளவு அகலத்துக்கு விரிக்கிறீங்க" என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எங்கள் அடுப்படிச் சுவருக்குப் பின்னால், சாக்கடைக்கு முன்னால், ஒரு கைப்பிடி மண் இருக்கிறது. அதில் ஒரு கறிவேப்பிலை மரம். முதல் தண்ணீரெல்லாம் அதற்குத்தான் போகும். அதனாலேயே அம்மா அந்த மரத்தில் ஒரு இலையைக் கூடக் கிள்ள மாட்டாள். வீட்டுக்குப் பின்னால் மரத்தை வைத்துக்கொண்டு பாசாரில் கறிவேப்பிலை வாங்கி வருவாள்.

கை இப்படி ஆனதும் வாளி தூக்குவது கஷ்டமானது. நான் வேலைக்குப் போன நேரத்தில் அக்கா ரகசியமாகத் தூக்கினாள். ஒருநாள் அந்தக் கை வீங்கி, நிலையத்தில் நர்ஸ் போட்ட சத்தம் கோயில் வரைக்கும் போய்விட்டது. பீட அலங்காரக் குழுவுக்குத் தலைவியாக இருக்கும் ஆன்ட்டி ஒரு பை ஆரஞ்சோடு வீட்டுக்கு வந்தாள். ஆன்ட்டி கெட்டவள் இல்லை. எல்லாவற்றையும் ஒழுங்காக முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் கொண்டவள், அவ்வளவுதான். முக்கில் புதிதாகத் தானியங்கி டோபிக் கடை திறந்திருக்கிறார்கள், துணியைப் போட்டால் காய்ந்தே வந்துவிடும், இனி அங்கே போட்டுக்கொள்ளலாம் என்றாள். அக்கா அமைதியாகக் கேட்டாள்.

"அங்க முதல் தண்ணி எங்க ஆன்ட்டி போவும்?"

"பைப்புல போவும்லா. எல்லாத் தண்ணியும் எங்க போவுதோ அங்க."

"அப்ப வேணாம்."

ஆன்ட்டி எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டாள். பிறகு, ஈஸ்டர் துணியை மட்டும் செய்து கொடு பார்ப்போம், அதை முடித்துக் கொடுத்தால் நான் வாயே திறக்கமாட்டேன், முடியவில்லை என்றால் நீயும் பிடிவாதம் பிடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் போனதும் அக்கா அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை. ஆரஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து அடுக்கினாள். அவளுக்கு அது சாப்பிடவும் ஆகாது. "கல்யாணம் போச்சு, வேல போச்சு. இது ஒன்னுதான் குட்டி என் கையில இருக்கு" என்றாள். நான் துவைத்துத் தருகிறேன் என்று சொன்னேன். "நீ செஞ்சா அது நீ செஞ்சது" என்று முடித்துவிட்டாள். அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. வாரத்தில் மூன்று நாள் ஒரு நாற்காலியில் சாய்ந்து, பிறர் தனக்குச் செய்வதை வாங்கிக்கொண்டே இருக்கிறவளுக்கு, தானாகக் கொடுப்பதற்கு வேறு எதுவும் இல்லை.

அப்போதுதான் அந்தப் பழைய மெஷின் எங்கள் கண்ணில் பட்டது. கண் முன்னால்தான் இருந்தது. அடுப்படி மூலையில் அதன் மேல் வெங்காயக் கூடையை வைத்து, அதை ஒரு மேசை என்றே நினைத்துப் பழகிவிட்டோம். அக்கா பிறந்த வருஷம் அப்பா வாங்கிய மெஷின். மேல் மூடி வைத்தது, முழு ஆட்டோமேட்டிக். அந்தக் காலத்தில் இந்த பிளாட்டிலேயே முதலாவது என்று அம்மா சொல்வாள். எப்போதோ நின்றுபோய், அதைப் பழுதுபார்க்க யாருக்கும் தோன்றவில்லை. இப்போது வருகிற மெஷின்கள் மூடியைப் பூட்டிக்கொண்டு, எப்போது தண்ணீர் விட வேண்டும் என்று தாங்களே முடிவு செய்கின்றன. இந்த மெஷின் அப்படி இல்லை. குமிழை அழுத்தினால் எந்த இடத்திலும் நிற்கும். வெறும் தண்ணீரில் ஊற வைத்து நிறுத்தலாம். அந்தத் தண்ணீரை மட்டும் தனியாக மண்ணுக்கு விட்டுவிட்டு, ஹோஸைச் சாக்கடைப் பக்கம் மாற்றி, பிறகு சோப்புப் போட்டு ஓட்டலாம். வாளியே தூக்க வேண்டாம். அக்கா அதன் பக்கத்தில் போய் நின்று மூடியைத் தட்டினாள். "இதுக்கும் எனக்கும் ஒரே வயசு. ரெண்டு பேருக்கும் உள்ள பழுது. எனக்குத்தான் மாத்து சாமான் கெடைக்கல, இதுக்காச்சும் கெடைக்குதா பாப்போம்" என்றாள். அம்மாவுக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. வெங்காயக் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

போன வருஷத் தவக்காலம், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாளும், அந்த மெஷினோடுதான் கிடந்தேன். வேலை விட்டு வந்ததும் பின்பலகையைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். எனக்கு மெஷின் வேலை தெரியாது. கைத்தொலைபேசியில் வீடியோ பார்த்துப் பார்த்துச் செய்தேன். உள்ளே கரப்பான் கூடு, எலி கடித்த கம்பி, இரண்டாக அறுந்து பாம்புச் சட்டை போலக் கிடந்த பெல்ட். தொட்டியின் நடுவில் துணியைச் சுழற்றுகிற தண்டு இறுகிப்போய் அசையவில்லை. அக்கா கொதிக்கும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கொடுக்க, நான் கயிறு கட்டி இழுத்தேன். திடீரென்று கழன்று வந்ததில் நான் மல்லாந்து விழுந்தேன். அக்கா சிரித்து மூச்சு முட்டிப் போய் உட்கார்ந்துவிட்டாள். தண்டுக்கு அடியில் கறுப்புச் சேறு. சேற்றுக்குள் சட்டைப் பித்தான்கள், கொண்டை ஊசி, பிறகு அப்பாவின் லாரிச் சாவியில் தொங்கிய அந்தோனியார் மெடல். அம்மா அதை வாங்கிக் கழுவி வெகுநேரம் உள்ளங்கையில் வைத்திருந்தாள். "நான்தான் தொலைச்சேன்னு சாகுற வரைக்கும் திட்டுனாரு மனுஷன்" என்றாள்.

பெல்ட் இந்தத் தீவில் எங்கும் கிடைக்கவில்லை. பஸ் ஏறி, பாலம் தாண்டி, அக்கரையில் இருக்கும் செபராங் ஜெயா வரை போனேன். அங்கே உதிரிச் சாமான் கடையில் ஒரு சீன அங்கிள் அறுந்த பெல்ட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இந்த மெஷினுக்கு உன்னைவிட வயது அதிகம் என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். வேறு ஏதோ மெஷினுக்கு உரியதில் கிட்டத்தட்ட அளவு ஒத்ததை எடுத்துக் கொடுத்தார், கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், பார்த்து ஓட்டு என்றார். மோட்டாரின் திருகுகளைத் தளர்த்திக் கொஞ்சம் நகர்த்திப் பொருத்தினேன். ரொட்டித் தொழிற்சாலையில் நாள் முழுவதும் பெல்ட் ஓடுகிற சத்தத்தில்தான் நிற்கிறேன். தளர்ந்தால் ஒரு சத்தம், இறுகினால் ஒரு சத்தம். இது இறுகின சத்தம் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் ஓடியது.

எனக்குப் பெல்ட்டைவிடக் கரண்டுதான் பயம். முதல்முறை சுவிட்சைப் போட்டபோது மெஷினின் உடம்பில் என் விரல் பட்டது, தோள் வரைக்கும் சுண்டியது. வீட்டில் மெயின் விழுந்து எல்லாம் அணைந்தது. அக்கா அந்த நேரம் ஈரக் கையோடு எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தாள். அந்த இடது கையோடு. அவள் தொட்டிருந்தால் என்ற நினைப்பு வந்ததும் அவளைப் பிடித்து வாசல்படிக்குத் தள்ளினேன். எலி கடித்தது எர்த் கம்பியைத்தான் என்று தெரிந்து, புதுக் கம்பி போட்டேன். அதற்குப் பிறகும் டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் அவளைப் பக்கத்தில் விடவில்லை. "பெரிய இன்ஜினியரு" என்று கேலி செய்தாள். செய்தாலும், நான் சரி என்று சொல்கிற வரை வாசல்படியிலேயே நிற்பாள்.

படுக்கை விரிப்புகளைப் போட்டு ஓட்டிப் பார்த்தோம். பிழிகிற கட்டம் வந்ததும் மெஷின் இடம் பெயர்ந்து நடக்க ஆரம்பித்தது, அம்மா அதை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பழைய ரப்பர் ஜப்பான் சிலிப்பரை வெட்டிக் காலுக்கு அடியில் கொடுத்ததும் அடங்கியது. ஹோஸ் மெஷினின் தோளில் உள்ள கொக்கியில் ஏறி, பிறகு கீழே இறங்கி, சுவர்த் துளை வழியாக மரத்தடிக்குப் போகும். நான் உள்ளே குமிழை இழுப்பேன். அக்கா வெளியே மரத்தடியில் நிற்பாள். தண்ணீர் எட்டிப் பார்த்ததும் "வருது" என்று குரல் கொடுப்பாள். தீர்ந்ததும் "போதும்" என்பாள், நான் நிறுத்துவேன். அந்த "வருது" என்ற குரலில் அவ்வளவு பெருமை இருக்கும், அவளே கிணறு வெட்டிய மாதிரி.

கோயிலில் ஓலை மந்திரிக்கிற குருத்தோலை ஞாயிறு வந்தது. நிபோங் திபாலில் இருக்கும் மாமா வீட்டுத் தென்னையிலிருந்து ஒவ்வொரு வருஷமும் குருத்து வரும். அம்மா சிலுவை பின்னுவதில் கெட்டிக்காரி. மந்திரித்த ஓலைச் சிலுவையை வாசல் நிலைக்கு மேல், அக்காவின் தலைமாட்டில், என் பையில் என்று எல்லா இடத்திலும் வைத்தாள். இன்னோர் இடத்திலும் வைத்திருக்கிறாள் என்பது எங்களுக்குத் தெரியாது.

பெரிய வியாழன் பூசை முடிந்து பீடத்தை வெறுமையாக்கினார்கள். துணிகளை அக்கா பையில் வாங்கிக்கொண்டாள். பெரிய வெள்ளியன்று எங்கள் வீட்டில் துணி நனைக்கக் கூடாது, அது அம்மாவின் சட்டம். ஆகவே மிஞ்சியது சனிக்கிழமை காலை மட்டும். அன்று சாயந்தரம் ஈஸ்டர் பூசைக்குப் பீடம் வெள்ளையாக இருக்க வேண்டும். அன்று மதியம்தான் அக்காவுக்கு டயாலிசிஸ். ஞாயிறும் திங்களும் இல்லை. சனியைத் தவறவிட்டால் செவ்வாய் வரை உடம்பில் தண்ணீர் சேர்ந்துகொண்டே போகும். முன்பு ஒருமுறை அப்படி ஆகி நெஞ்சுக்குள் தண்ணீர் கோர்த்து, ஆஸ்பத்திரியில் அவள் மூச்சுக்குத் தவித்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சனிக்கிழமை காலையிலேயே அவள் பாதம் வீங்கியிருந்தது. சிலிப்பரின் வார் தோலில் பதிந்து குழி விழுந்திருந்தது.

அன்று பார்த்துக் குழாயில் தண்ணீர் மெதுவாக வந்தது. தொட்டி நிரம்பவே வெகுநேரம் ஆனது. துணிகள் ஊறின. அக்கா போவதற்கு உடுத்திக்கொண்டு, பையை வாசலில் வைத்துவிட்டு, மரத்தடிக்குப் போய் நின்றாள். நான் குமிழை இழுத்தேன். மோட்டார் ஒரு முனகல் முனகியது. தண்ணீர் நகரவில்லை. ரப்பர் தீய்கிற வாடை வந்தது, பின்பக்கம் மெல்லிசாகப் புகை. குமிழை அழுத்திவிட்டுச் சுவிட்சைப் பிடுங்கினேன். அந்த நேரம் பார்த்து வாசலில் வேன் ஹாரன் அடித்தது.

அக்கா உள்ளே வந்து தொட்டியைப் பார்த்தாள். கலங்கலான தண்ணீரில் பீடத் துணிகள் மிதந்தன. நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். அவள் அசையவில்லை. மறுபடி ஹாரன். வேனில் மற்ற நோயாளிகளும் இருந்தார்கள், அவர்களையும் நிறுத்தி வைக்க முடியாது. அம்மா வெளியே ஓடிப் போய் ஏதோ சொல்லிவிட்டு வந்தாள். வேன் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. வாழ்க்கையில் முதல்முறையாக அவளைப் பார்த்துக் கத்தினேன், நீ செத்துப் போனால் இந்தத் துணியை வைத்து நான் என்ன செய்வது என்று. அவள் என்னைப் பார்த்தாள். "இந்தத் தண்ணி மண்ணுக்குப் போனதும் நான் போறேன். மொதல்ல பலகையக் கழட்டு" என்றாள்.

பலகையைக் கழற்றினேன். பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் மஞ்சளாக என்னவோ சுற்றி இறுகியிருந்தது. விரலால் இழுத்தேன், நாராக வந்தது. ஓலை. பாதி கருகிய தென்னங் குருத்தோலை. நான் நிமிர்ந்தபோது அம்மாவின் முகம் வெளுத்துப் போயிருந்தது. "ஒங்களுக்கு ஒன்னும் ஆவக் கூடாதுன்னுதான் உள்ள வச்சேன். கரண்டு அடிச்சதுல, அந்த பயத்துல" என்றாள். நான் கருகிய நாரை அக்காவிடம் நீட்டினேன். பிறகு அக்காதான் முதலில் சிரித்தாள். சத்தமே வராத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. அப்படியே தரையில் உட்கார்ந்து மடியை விரித்தாள். மந்திரித்த ஓலையைக் குப்பையில் போடக் கூடாது, எரித்துச் சாம்பலாக்க வேண்டும். ஒரு நார் கூடத் தவறக் கூடாது என்றாள். நான் கத்தரியால் வெட்டி வெட்டி எடுத்துக் கொடுத்தேன். அவள் மடியில் சேர்த்தாள். அவளுடைய மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் போட ஆரம்பித்தது எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி வெட்டினேன்.

ஆன்ட்டி அந்த நேரத்தில்தான் வந்தாள். துணி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வந்திருக்க வேண்டும். திறந்து கிடக்கிற மெஷின், கரிக் கையோடு நான், வேனை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்திருக்கிற அக்கா. முடிந்தது என்று நினைத்தேன். ஆன்ட்டி நடந்ததைக் கேட்டாள், அம்மா சொன்னாள். ஆன்ட்டி கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அக்காவுக்கு எதிரில் குந்தி உட்கார்ந்து, சக்கரத்துக்கு அடியில் சிதறியிருந்த நார்களைப் பொறுக்கத் தொடங்கினாள். பொறுக்கிக்கொண்டே, "எந்திரி, என் கெரேத்தா வெளியில இருக்கு, நான் கொண்டு போறேன்" என்றாள். அக்கா மறுத்துத் தலையாட்டினாள். "தண்ணி போவட்டும் ஆன்ட்டி."

ஓலையெல்லாம் வந்துவிட்டது. ஆனால் பெல்ட் ஒரு ஓரத்தில் பிய்ந்து நூல் தெரிந்தது. மோட்டாரை ஓட்டித் தண்ணீரை இறைத்தால் அறுந்துவிடும். அறுந்தால் வேறு பெல்ட்டுக்கு செபராங் ஜெயா போக வேண்டும். என் மூளை அங்கேயே நின்றுவிட்டது. பெல்ட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா ஹோஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இத ஏன் மேல மாட்டியிருக்க?" என்று கேட்டாள். கீழே இருந்தால் தண்ணீர் தானாகவே ஓடிவிடும் என்று சொன்னேன். சொல்லி முடிக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. வெளியே மண் அடுப்படித் தரையைவிடத் தாழ்வு. கொக்கியிலிருந்து ஹோஸைக் கழற்றித் தரையில் போட்டேன். அக்கா சுவரைப் பிடித்தபடி எழுந்து, பின்கதவைத் தாண்டி மரத்தடிக்குப் போனாள். நாங்கள் மூன்று பேரும் உள்ளே மெஷினைச் சுற்றி நின்றோம். தொட்டியில் தண்ணீர் இறங்குகிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியவில்லை. வெளியே அவள் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

"வருது" என்றாள்.

கடைசிச் சொட்டு வரைக்கும் நின்றுவிட்டுத்தான் ஆன்ட்டியின் காரில் ஏறினாள். நிலையத்தில் அவளுக்கு நல்ல திட்டு. ஆனால் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். இங்கே பிய்ந்த பெல்ட்டோடு நான் சோப்புப் போட்டு ஓட்டினேன். அலசும் வரைக்கும் தாங்கியது, பிழியும்போது அறுந்தது. பெரிய விரிப்பை அம்மா ஒரு முனையிலும் நான் ஒரு முனையிலும் பிடித்து, எதிரெதிராக முறுக்கிப் பிழிந்தோம். அம்மா அழுதுகொண்டே முறுக்கினாள். விசிறியடியில் போட்டு, இஸ்திரி போட்டு, கோயிலுக்குக் கொண்டுபோனபோதும் ஒரு மூலை ஈரமாகத்தான் இருந்தது. ஆன்ட்டி விரிப்பைத் தடவிப் பார்த்தாள். அந்த மூலைக்கு வந்ததும் கை நின்றது. என்னைப் பார்த்தாள். பிறகு மெழுகுவர்த்தித் தண்டைத் தூக்கி ஈரத்தின் மேல் வைத்துவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போனாள். பூசை பாதியில் இருக்கும்போது அக்கா வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். கையில் புது பிளாஸ்திரி. பீடத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். ஈஸ்டர் பாட்டுக்கு எல்லாரும் எழுந்தபோதும் அவளுக்கு எழ முடியவில்லை. உட்கார்ந்தபடியே பாடினாள்.

டோபிக் கடைப் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. புது பெல்ட் போட்டேன். அக்கா கடைசி வரைக்கும் அந்தத் துணிகளைத் தன் கையாலேயே துவைத்துக் கொடுத்தாள். மழைக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை, நிலையத்திலிருந்து வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அவள் கையைத் தொட்டுப் பார்த்தேன். அந்த வண்டு நின்றுபோயிருந்தது. இதயம் ஏற்கெனவே பலவீனமாக இருந்தது என்று டாக்டர் சொன்னார். அம்மா அவரிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள், ஈஸ்டர் சமயத்தில் ஒருமுறை தாமதமாகப் போனாளே, அதனாலா என்று. இல்லை, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று அவரும் பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா நம்பவில்லை. அன்றிலிருந்து அவள் மெஷின் இருக்கும் மூலைக்கு வருவதில்லை. மறுபடி அதன் மேல் ஏறிவிட்ட வெங்காயக் கூடையை எடுக்க வேண்டும் என்றால் கூட என்னைத்தான் அனுப்புவாள். பின்கதவைத் திறப்பதே இல்லை. இந்த வருஷம் குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் கொடுத்த ஓலையை வாங்கினாள், பின்னவில்லை. அப்படியே பைபிளுக்குள் நீளமாக வைத்துவிட்டாள். அக்கா போனதிலிருந்து துணிகளைத் தன் வீட்டில் துவைத்துவந்த ஆன்ட்டி என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள், ஈஸ்டர் துணியை என்ன செய்யலாம் என்று. நான் செய்கிறேன் என்றேன். செய்வேன் என்று சொல்லும்போது பயமில்லை. மெஷினும் இத்தனை மாதமாக ஓடவில்லை. அது நின்றால் திறந்து சரி செய்துவிடலாம். அம்மா நின்றுபோனதைத்தான் எங்கே திறந்து பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா, இன்று காலை அம்மாவிடம், மரத்தடியில் கொஞ்சம் நில்லும்மா, எனக்கு ஒத்தையாகச் செய்ய முடியாது என்று கேட்டேன். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். துணிகள் ஊறிவிட்டன. உன் பிளாஸ்திரியின் பிரிந்த முனையைக் கட்டை விரலால் தடவி ஒட்டிப் பார்த்தேன், ஒட்டவில்லை. சரி, இருக்கட்டும் என்று குமிழை இழுத்தேன். மோட்டார் முனகியது. ரப்பர் தீய்கிற வாடை வருகிறதா என்று முகர்ந்து பார்த்தேன். பிறகு சத்தம் மாறியது, தொட்டி அதிர்ந்தது. வெளியே போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் குமிழை விட்டு என் கை வரவில்லை.

பின்கதவின் தாழ்ப்பாள் துரு உரசித் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு மண்ணில் சிலிப்பர் சத்தம்.

"வருதுடி" என்றாள் அம்மா. "நிறுத்திடாத. நல்லா வருது."

இன்று சாயந்தரம் பீடத்தில் அந்த வெள்ளை விரிப்பு இருக்கும். எங்கள் கோயிலுக்கு நீங்கள் வரமாட்டீர்கள், பரவாயில்லை. எந்தக் கோயிலில் நீங்கள் வெள்ளைத் துணி விரித்த பீடத்தைப் பார்த்தாலும், அதைத் துவைத்த ஒரு கை எங்கேயோ இருக்கிறது என்று நினைத்து, ரீத்தா என்ற பெயரைச் சொல்லி ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லுங்கள். வேறு சாமியைக் கும்பிடுகிறவர்கள் உங்கள் சாமியிடம் சொல்லுங்கள், அவள் கோபித்துக்கொள்ளமாட்டாள். அப்படியே மரத்தடியில் இன்னும் நின்றுகொண்டிருக்கிற எங்கள் அம்மாவுக்காகவும் ஒரு வார்த்தை.